நிற்கும் முள்ளை நம்பாதவர்

கப்பலூர் தொழிற்பேட்டையை விட்டு நான்குவழிச் சாலைக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, போன் சார்ஜர். என் சொத்து எப்போதும் இந்த அளவைத் தாண்டியதில்லை. வேலையை விட்டு நடப்பதும் எனக்குப் புதிதில்லை. போர்வெல் லாரியிலிருந்து இறங்கி நடந்திருக்கிறேன். திருப்பூரில் சாயப்பட்டறையை விட்டும், பாலக்காட்டுப் பக்கம் ஒரு செங்கல் சூளையை விட்டும் நடந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நடந்தவனுக்கு மற்றதெல்லாம் எளிது. எங்கும் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்று மட்டும் நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பினேன். பின்னால் புகை இல்லை, சத்தமும் இல்லை. சத்தம் இல்லையே என்றுதான் திரும்பினேன். இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவர் பெயர் வேண்டாம். நாங்கள் டீச்சர் என்று கூப்பிட்டோம். அவர் டீச்சர் இல்லை, எங்கள் தொழிற்சாலையில் கெமிஸ்ட். வேதியியலில் மேல்படிப்பு படித்துவிட்டு, அப்பாவும் அத்தையும் வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் பாடம் எடுத்திருக்கிறார். ஏன் விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு வாய்ச்சது நல்ல கிளாஸு. உள்ள நுழைஞ்சா ஊசி விழுந்தாக் கேக்கும். நான் ஒவ்வொரு பெஞ்சா எட்டிப் பாப்பேன். அறுபது புள்ளைக சும்மா இருக்குன்னா என்னமோ நடந்திருக்குன்னுதான அர்த்தம்?"

"என்ன நடந்துச்சு?"

"ஒன்னும் நடக்கல. நடக்காம நடக்காமத்தான் பயம் கூடிப்போச்சு."

அவரை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் அதுதான். அமைதியை அவர் நம்பமாட்டார். சத்தம் போடுகிறவனைக் கண்டு அவர் பயந்ததே இல்லை. முதலாளி கத்தினால் நிம்மதியாக டீ குடிப்பார். அதே முதலாளி பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாலு தடவை கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்ப்பார்.

மதிய நேரத்தில் வாட்ச்மேன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவார். டீச்சர் போய் அவர் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பார். முதல்முறை வாட்ச்மேன் அலறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"உசுரோடதான் இருக்கேன் தாயி!"

"அப்ப குறட்டை விட்டுத் தூங்குங்க பெரியவரே. எனக்கும் நிம்மதியா இருக்கும்ல."

நாங்கள் சாப்பிட உட்கார்ந்து பேச்சு நின்றுபோனால் தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். ஆபரேட்டர் முருகேசன் அண்ணன் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார். "டீச்சர், வாயில சோத்த வச்சுக்கிட்டு எப்படிப் பேசுறது?"

"பேசாட்டிப் போகுது. தட்டையாவது தட்டுங்க."

அதிலிருந்து சாப்பிடும்போது யாராவது ஒருவர் கிண்டலுக்குத் தட்டைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது. அவரும் சிரிப்பார். ஆனால் தட்டின பிறகுதான் குனிந்து சாப்பிடுவார்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். கழிப்பறைக்குள் போன ஆள் கொஞ்சம் தாமதித்தால் கதவு தட்டப்படும். "குரல் குடுங்க" என்று கேட்கும். ஒருமுறை முதலாளியைப் பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர் உள்ளே இருந்தபோது இது நடந்துவிட்டது. அவர் வெளியே வந்த முகத்தை இன்னும் நினைத்துக்கொள்வேன். முதலாளி டீச்சரைக் கூப்பிட்டு, "ஏம்மா, மனுசன் நிம்மதியா உக்காரக்கூட முடியாதா இங்க?" என்று கத்தினார். டீச்சர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளும் தட்டினார்.

அவர் அப்படித் தட்டாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறையில் தங்கியிருந்தேன். ஒரு காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. வேலைக்கு வராததைப் பார்த்து முருகேசன் அண்ணன் சொன்னாராம், "அவன் நாடோடிப் பய டீச்சர், வேற ஊருக்குப் போயிருப்பான்." என்னைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தப்பில்லை. டீச்சர் மட்டும், "போறதுன்னாலும் கதவு சத்தம் கேட்டிருக்கும்ல" என்று வந்து தட்டினார். பதில் இல்லை என்றதும் வாட்ச்மேனை வைத்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். தன் ஸ்கூட்டரின் பின்னால் என்னை உட்காரவைத்து, துப்பட்டாவால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் ஒரே கட்டளைதான்.

"பேசிக்கிட்டே வாங்க தம்பி."

"என்ன பேச?"

"எதையாவது. பாத்த ஊரையெல்லாம் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோதும் ஊர்கள் தீரவில்லை. "இம்புட்டு ஊரா!" என்று அந்த நிலைமையிலும் ஆச்சரியப்பட்டார்.

ஏன் இப்படி இருக்கிறார் என்பதற்கு எங்களிடம் பல கதைகள் இருந்தன. முன்பு வேலை பார்த்த இடத்தில் தொட்டிக்குள் இறங்கி மூச்சடங்கிய இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள் என்று இவர் நினைத்துவிட்டார் என்பது ஒன்று. தம்பி ஒருவன் ஏதோ கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்டு ஒருநாள் வீட்டைவிட்டுப் போனான் என்பது இன்னொன்று. நேராகக் கேட்டபோது அவர் சொன்னது வேறு.

"நம்ம கையாளுற கேஸுக்கு வாசம் கெடையாது, நெறம் கெடையாது. அது ஏறுனா மனுசன் கத்தமாட்டான். தூக்கம் வருதுன்னு உக்காருவான், அம்புட்டுத்தான். இதுல வேலை பாக்குறவளுக்கு வேற காரணம் வேணுமாப்பா?"

அந்த வாயு கார்பன் மோனாக்சைடு. நாங்கள் செய்தது சென்ட்டு, சோப்பு கம்பெனிகளுக்குப் போகும் ஒரு மூலச்சரக்கு. ஒலிஃபின் என்று ஒரு திரவம் பீப்பாயில் வரும். நாங்கள் அதை எண்ணெய் என்போம். அந்த எண்ணெயை ரியாக்டர் என்ற கனத்த இரும்புக் கலத்தில் ஊற்றி, கோபால்ட் உப்பைக் கொஞ்சம் வினையூக்கியாகப் போட்டு, மூடி முறுக்கி, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் பெரிய அழுத்தத்தில் ஏற்றிச் சூடாக்க வேண்டும். வாயு எண்ணெயோடு சேர்ந்து வேறு பொருளாகும். வெளியே வரும்போது ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினாற்போல வாசம். சட்டையில் ஏறினால் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் பையை உற்றுப் பார்ப்பார்கள்.

வாயு எண்ணெய்க்குள் போகப் போக அழுத்தம் குறையும், மீட்டரில் முள் இறங்கும். முள் இறங்கினால் வேலை நடக்கிறது. நின்றால் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி அவ்வளவுதான். டீச்சர் அதில் ஒன்றைச் சேர்த்தார். நிற்கிற முள்ளை நம்பக் கூடாது.

இதை முதலாளியால் ஏற்கவே முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பரம்பரையாகச் சம்சாரிக் குடும்பம். கிணற்றுப் பாசன நிலத்தை விற்றுத்தான் இந்த ஆலையைப் போட்டார். தண்ணீர் கூடப் பாய்ச்சினால் பயிர் கூட விளையும் என்று வளர்ந்தவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து எங்கள் நடுவில் நின்றார்.

"ஏன் டீச்சரம்மா, அடுப்புல விறகு கூட வச்சா சீக்கிரம் வேகுது. இந்த மோனாக்சைடை மட்டும் ஏன் கிள்ளிக் கிள்ளிப் போடுறீக? தாராளமா ஏத்துனா சீக்கிரம் முடியும்ல?"

"முதலாளி, தீபாவளிக்கு முந்தின நாள் மாட்டுத்தாவணியில பஸ் ஏறியிருக்கீங்களா?"

"நான் கார்ல போறவன்மா."

"கார் வாங்குறதுக்கு முந்தி?"

"ஏறியிருக்கேன். அதுக்கென்ன?"

"வண்டி நிக்கிறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டு விழும்ல? எல்லா சீட்டுலயும் துண்டு. எண்ணெய் ஏறி உக்காந்தாத்தான் வண்டி கெளம்பும். அது படியிலயே நிக்கிது. உள்ள பாத்தா சீட்டு பூராம் துண்டு. இந்த மோனாக்சைடு துண்டு போடுற ஆளு. கோபால்ட்டுல இருக்கிறது நாலஞ்சு சீட்டுதான். நீங்க மோனாக்சைடைக் கூட்டக் கூட்ட வண்டி அப்படியே நிக்கும்."

"அப்ப அந்தச் சனியனே வேணாம்னு விட்ரு."

"அதுவும் ஆகாது. சரக்கே அதுலருந்துதான வருது. அதோட, அது கொஞ்சமாவது பிடிச்சுக்கிட்டு இருந்தாத்தான் கோபால்ட்டு எண்ணெய்ல கரைஞ்சு நிக்கும். ரொம்பக் கொறைஞ்சா கறுப்பாச் செவுத்துல படிஞ்சுரும். அப்பறம் பஸ்ஸே இருக்காது."

முருகேசன் அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி, "இருந்தாலும் குத்தம், இல்லாட்டியும் குத்தம். எங்க மாமியா மாதிரி" என்றார். முதலாளியே சிரித்துவிட்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இன்னொன்னு இருக்கு. துண்டு போட்ட கூட்டம் மெதுவாச் செலவாகிக் கொறைஞ்சுக்கிட்டே இருக்கும். வெளிய இருந்து பாத்தா முள்ளு சும்மா நிக்கிற மாதிரிதான் தெரியும். ஒரு கட்டத்துல சீட்டெல்லாம் காலியாகும். அதுவரைக்கும் சூட்டுல காத்துக்கிட்டிருந்த எண்ணெய் மொத்தமா ஏறும். அந்த நேரத்துல பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது."

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு டீச்சர் இல்லை. அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம் என்று குடும்பத்தோடு போயிருந்தார். முதலாளி என்னைப் பூவுக்கும் வாழைக்கன்றுக்கும் பூசணிக்காய்க்கும் மாட்டுத்தாவணிக்கு அனுப்பினார். பூ மார்க்கெட்டில் அன்றைக்கு நுழைந்து வெளியே வருவதற்கே பாதிப் பொழுது போய்விட்டது. ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது ரியாக்டர் நிற்கும் கொட்டகை ஜொலித்தது. தரை கழுவியிருந்தார்கள். மோட்டாருக்குத் திருநீற்றுப் பட்டை. சுவரோரம் சங்கிலியில் நிற்கும் வாயு சிலிண்டர்கள் எல்லாம் தலையிலிருந்து கால்வரை புது வெள்ளிப் பெயிண்ட் பூசி, சந்தனம் குங்குமத்தோடு மாப்பிள்ளை வரிசை மாதிரி நின்றன.

முதலாளி சொல்லியிருக்கிறார், முருகேசன் அண்ணன் அடித்திருக்கிறார். கழுவும்போது நனையக் கூடாது என்று கழுத்தில் கட்டியிருந்த அட்டைகளைக் கழற்றி, பெயிண்ட் காய்ந்ததும் மறுபடி பத்திரமாகக் கட்டியும் இருந்தார். எதில் வெறும் கார்பன் மோனாக்சைடு, எதில் ஹைட்ரஜன், எதில் இரண்டும் பாதிக்குப் பாதி என்று நிறமும் அட்டையும்தான் சொல்லும். மற்றபடி எல்லாம் ஒரே உயரம், ஒரே எடை, ஒரே மரை. எந்தக் குழாயிலும் எது வேண்டுமானாலும் பொருந்தும்.

மறுநாள் விஜயதசமி. புதிதாக வேலை தொடங்க நல்ல நாள். நல்ல நேரத்துக்குள் முதல் பேட்ச் ஏற வேண்டும், அதை வாங்கும் கம்பெனியும் அவசரப்படுத்துகிறது என்று முதலாளி வேட்டி சட்டையோடு காலையிலேயே வந்துவிட்டார். டீச்சர் கொட்டகைக்குள் நுழைந்தவர் சிலிண்டர் வரிசையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"முருகேசா, இதெல்லாம் கழட்டின எடத்துலயேதான் திரும்ப வச்சியா?"

"சத்தியமா டீச்சர். வரிசை மாறல. எனக்கு ஞாபகமிருக்கு."

"கழுவுறதுக்கு உருட்டிட்டுப் போனது யாரு?"

"நானும் கழுவ வந்த கூலியாளுக மூணு பேரும்தான்."

"அப்ப நாலு பேருக்கும் ஞாபகம் இருக்கணும்ல." முதலாளியிடம் திரும்பினார். "இன்னைக்கு ஏத்த வேணாம். கேஸ் கம்பெனிக்காரன் வந்து ஒவ்வொன்னா சோதிச்சுச் சொல்லட்டும்."

"நல்ல நேரம் போயிரும்மா."

"உசுரு போனா?"

"நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சா இது? ஏத்து முருகேசா."

முருகேசன் அண்ணன் ஏற்றினார். பாதிக்குப் பாதி என்று அட்டை கட்டிய சிலிண்டர். அழுத்தம் ஏறியது, சூடு ஏறியது. முள் ஒரு இடத்துக்கு வந்து நின்றது. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவில்லை.

கொட்டகையில் நாங்கள் நாலு பேர். ரியாக்டரை ஒட்டிய மேடைமேல் முருகேசன் அண்ணன், கீழே நான், முதலாளி, டீச்சர். முள் நின்றது. டீச்சர் மட்டும் மேடைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"இது கலப்பு கேஸ் இல்ல. மோனாக்சைடு அதிகம். துண்டு விழுந்திருச்சு" என்றார். "சூட்டைக் கொறைங்க. மெதுவா கேஸை வெளிய விட்டுட்டு நிறுத்திருவோம்."

"நிறுத்தவா? நல்ல நாள்ல ஏத்தினத?" முதலாளி மேடையைப் பார்த்துக் கத்தினார். "அடுத்த சிலிண்டரைப் போடு. சூட்டையும் கூட்டு. தள்ளுனா நகரும்."

"முதலாளி, அடுத்ததுல என்ன இருக்குன்னே தெரியாது" என்றார் டீச்சர்.

"போடுடா!"

அடுத்த சிலிண்டரும் போய்ச் சேர்ந்தது. முள் மேலே போனது. மறுபடி நின்றது. வெளியே டீக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாமா என்று தோன்றியது. ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

பிறகு முள் அசைந்தது. ஒரு மயிரிழை இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம்.

முதலாளி கையைத் தட்டினார். "இறங்குதுடா! பாத்தீங்களா டீச்சரம்மா? சாமி இருக்குல்ல!"

முருகேசன் அண்ணன் மேடையிலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். டீச்சர் முள்ளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கூட்டாமலே அது ஏறிக்கொண்டிருந்தது.

"முருகேசா, தண்ணியை முழுசாத் திற. சூட்டை நிறுத்திட்டுக் கீழ எறங்கு. ஓடு."

"டீச்சர், நல்லாத்தான எறங்குது..."

"எறங்குற வேகத்தைப் பாருடா! சீட்டு காலியாயிருச்சு. எறங்கு!"

அவர் யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதில்லை. முருகேசன் அண்ணன் குளிர்விக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டு ஏணியில் பாதி இறங்கி மீதி குதித்தார். டீச்சர் வாசலில் பூஜைக்குக் கட்டியிருந்த காகிதத் தோரணத்தைப் பார்த்தார். அது கிழக்கே பறந்துகொண்டிருந்தது.

"தம்பி, கெழக்க டீக்கடையில இருக்கிற ஆளுகளை எழுப்பி இந்தப் பக்கம் கூட்டிட்டு வாங்க. கேஸைத் தெறந்து விடப்போறேன். ஒருத்தரும் அங்க இருக்கக் கூடாது."

ஓடும்போது வாசலில் திரும்பிப் பார்த்தேன். வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றும் குழாயின் வால்வு மேடைக்குக் கீழே சுவரில் இருந்தது. அதன்மேல் முதலாளியின் கை இருந்தது. "இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கு. தொடாத" என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னார். டீச்சர் பேசாமல் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் ஒருவரும் எழவில்லை. "என்னப்பா, பூசணிக்கா ஒடைக்கப் போறீங்களா?" என்றார் ஒருவர். நான் பாய்லரை எட்டி உதைத்தேன். அது சாய்ந்து வெந்நீர் ஓடியதும் எல்லோரும் என்னை அடிக்க எழுந்தார்கள். அப்படியே ஓடினேன். திட்டிக்கொண்டு துரத்தி வந்தார்கள். தொழிற்சாலையைத் தாண்டி மேற்கே வந்தபோது கூரைக்கு மேலிருந்து அந்த இரைச்சல் எழுந்தது. விமானம் தலைமேல் இறங்குவது போல. துரத்தியவர்கள் நின்றுவிட்டார்கள்.

இரைச்சல் வெகுநேரம் இருந்தது. பிறகு ஒன்றும் இல்லை. காற்று வீசி எல்லாம் போகட்டும் என்று டீச்சர் யாரையும் உள்ளே விடவில்லை. கடைசியில் நாங்கள் நுழைந்தபோது முள் கீழே கிடந்தது. கலம் முழுசாக நின்றது. கூரையில் ஒரு தகடுகூட அசையவில்லை.

முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"எங்க? என்ன ஆச்சு? ஒன்னும் ஆகலயே?"

"ஆமா முதலாளி. ஒன்னும் ஆகல."

"நல்லா ஓடின பேட்ச்சை நாசமாக்கிட்டு ஒன்னும் ஆகலங்குற. முருகேசா, நீ சொல்லு. முள்ளு எறங்குச்சா இல்லயா?"

முருகேசன் அண்ணன் தரையைப் பார்த்தார். "எறங்குச்சு முதலாளி."

"கேட்டுக்க. உன் பயத்துக்கு நான் ஆலை நடத்த முடியாது. நீ இனி வர வேணாம். மிச்ச எண்ணெய் இருக்கு, நாளைக்குக் காலையில ஏத்துறோம். ஏத்துவியாடா?"

"நீங்க சொன்னா ஏத்துறேன்."

டீச்சர் முருகேசன் அண்ணனிடம் மட்டும் பேசினார். "உன் ரெண்டு புள்ளைகளையும் நெனச்சுக்கப்பா. அந்த சிலிண்டரைத் தொடாத."

"வேற வேலை இல்ல டீச்சர்" என்றார் அவர். டீச்சர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி என் பக்கம் திரும்பி, "நீ எப்படி? இருக்கியா, போறியா?" என்றார். நான் பையை எடுத்தேன்.

அப்படித்தான் சாலைக்கு வந்தேன். திருப்பரங்குன்றம் மலை தெரிகிற இடம்வரை நடந்திருப்பேன். பஸ் ஸ்டாண்டு போய் திருப்பூர் பஸ் ஏறுவதாக எண்ணம். அங்கே பழைய பட்டறையில் கேட்டால் கிடைக்கும். முருகேசன் அண்ணன் பெரிய ஆள், அவர் பாடு அவருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன பிறகும் திரும்பிப் பார்த்தேன்.

போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"நடந்துக்கிட்டிருக்கேன் டீச்சர். திருப்பூர் போறேன்."

"அந்த சிலிண்டரெல்லாம் யாரோடது?"

"முதலாளியோடது."

"இல்ல. கேஸ் கம்பெனியோடது. வாடகைக்குக் குடுத்தது. நெறத்தை மாத்த அவருக்கு உரிமையே கெடையாது. மாத்துனது தெரிஞ்சா அவங்க திரும்ப எடுத்துக்கணும். நான் இப்ப அவங்க ஆபீஸ்லதான் உக்காந்திருக்கேன்."

அவருக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. "மேடம், இன்னைக்கு லீவு நாளு. லோடுமேன் எல்லாம் ஊருக்குப் போயிட்டான். நாளான்னைக்குப் பாப்போம் மேடம்."

"நாளான்னைக்குன்னா, அதுவரைக்கும் நான் இப்படியே உங்ககிட்டப் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "டிரைவர் இருக்காரு, லாரி இருக்கு. ஏத்தி எறக்க ஆளு இல்ல. காலையில வெள்ளனவே போகணும், முருகேசன் மூடி முறுக்குறதுக்குள்ள. உங்களுக்கு அந்தக் கொட்டகை தெரியும். வர்றீங்களா?"

நான் விட்டு வந்த வாசலுக்கு ஒருபோதும் திரும்பப் போனதில்லை. லாரிகள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"பேசாம இருக்காதீங்க தம்பி" என்றார் டீச்சர்.

"வாரேன்."

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், மறுபடி பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். எந்த ஊராக இருந்தாலும் அங்கே கதவுகள் தட்டப்படும்.

அன்று மாலை கேஸ் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்து, டிரைவரிடம் என்னைக் காட்டிவிட்டு டீச்சர் கிளம்பியதும், நின்றிருந்த லாரிக்கு அடியிலேயே படுத்தேன். மறுநாள் காலை நான் ஏற்றுக்கொண்ட வேலை லோடுமேன் வேலை. டிரைவர் ஓட்ட, பின்னால் நின்றுகொண்டு கப்பலூருக்குள் நுழைந்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துக் கேட்டைத் திறந்துவிட்டார்.

கொட்டகையில் முருகேசன் அண்ணன் மேடைமேல் ஸ்பேனரோடு நின்றிருந்தார். எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. மூடி இன்னும் இறுகவில்லை. முதலாளி அறையிலிருந்து ஓடிவந்தார்.

"யாரு சொல்லி வந்தீங்க? எதுக்கு லாரி?"

"கம்பெனி சிலிண்டர் சார். கம்பெனி திரும்ப எடுக்குது" என்றார் டிரைவர். "எல்லாத்துலயும் வெள்ளி அடிச்சு வச்சிருக்கீங்க. எங்க மேனேஜருக்கே தூக்கம் போச்சு."

"ஒன்னையும் எடுக்க விடமாட்டேன்." முதலாளி வாசலை மறித்து நின்றார்.

நான் சங்கிலியை அவிழ்த்தேன். முதல் சிலிண்டரைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டத் தொடங்கினேன். ஆள் உயர இரும்பு. தனி ஆளாக உருட்டினால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அது என் கையை மீறிச் சரிந்தபோது இன்னொரு கை வந்து பிடித்தது.

"தலையைப் பிடிக்காத மாப்ள, கழுத்தைப் பிடி" என்றார் முருகேசன் அண்ணன். ஸ்பேனரை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கியிருந்தார்.

முதலாளி அவரையே பார்த்தார். "நீயுமாடா?"

அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சிலிண்டரை வாசலுக்கு நேராகத் திருப்பினார்.

"ஒதுங்கிக்கங்க முதலாளி" என்றார். "உருண்டு வருது."